பல்லேகலயில் ஒரு குளிர்ந்த புள்ளி

கண்டிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒருவருக்குப் பட்டை வேண்டும், ஒருவருக்குத் தேயிலை, இன்னொருவருக்கு ஏரிக்கரையில் நான் நிற்கிற படம். "அங்க என்னங்க பார்க்கப் போறீங்க?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அம்மாவிடம், "கால் பார்க்கப் போறேனுங்க" என்றேன். அந்த அம்மா குனிந்து என் காலைப் பார்த்தார்.

நான் சொன்னது உண்மைதான். கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. கார்பன் இழைத் துணியை ரெசினில் நனைத்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்து, வில் மாதிரி வளைந்த செயற்கைக் கால்களைச் செய்கிறார்கள். கொஞ்ச காலம் முன்பு அங்கே செய்த கால் ஒன்று, தேயிலை மலையில் ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதே முறிந்துவிட்டது. சரிவில் விழுந்து அவர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார், இப்போது தேறிவிட்டார். அன்றிலிருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு காலும் வெளியே போகக்கூடாது என்று பட்டறையில் முடிவெடுத்துவிட்டார்கள். அதைப் பார்க்கிற வழியை ஏற்படுத்திக் கொடுக்கத்தான் கோயம்புத்தூரிலிருந்து நான் போனேன்.

என் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; நீட்டி முழக்கினால் என் வீட்டுக்காரரே எழுந்து போய்விடுவார். ஒரு பொருளின் மேல் விளக்கைக் காட்டிக் கொஞ்சம் சூடு ஏற்றினால், அந்தச் சூடு மெல்ல உள்ளே இறங்கும். உள்ளே எங்காவது காற்று சிக்கிக்கொண்டிருந்தால், அங்கே மட்டும் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். வெப்பக் கேமராவில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். கேட்க எளிது. எவ்வளவு நேரம் சூடேற்றுவது, எப்போது பார்ப்பது என்பதில்தான் வம்பு. மேலாக இருக்கிற குறை சட்டென்று தெரிந்து மறைந்துவிடும். ஆழத்தில் இருப்பது தாமதமாக, மங்கலாக வரும். அதனால் முதலில் அதே காலைக் கணினிக்குள் செய்துகொள்வேன். அதற்குள் விதவிதமான குறைகளை ஒளித்துவைத்து, கணினிக்குள்ளேயே விளக்கும் போட்டுப் பார்ப்பேன். எந்தக் குறை எப்போது எப்படித் தெரியும் என்று ஒரு படத்தொகுப்பு கிடைத்துவிடும். பிறகு நிஜக் காலின் படத்தை எடுத்து ஜாதகம் பார்க்கிற மாதிரி பொருத்தம் பார்க்க வேண்டியதுதான்.

முதல் நாள் மழை. பட்டறையின் தலைவர் செல்வராசா என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு, பொறியியல் படித்து நரைத்தவர். அவருடைய கார் பழுதாகிக் கராஜில் கிடந்தது. "வாங்கோ மேடம், பயணம் சுகமோ? சாப்பிட்டனீங்களோ?" என்றபடி என் பெட்டி, கேமராப் பெட்டி, விளக்குப் பெட்டி, என்னை எல்லாவற்றையும் ஒரே த்ரீவீல் ஆட்டோவுக்குள் திணித்தார். விளக்குப் பெட்டி என் மடியில், என் பெட்டி அவர் மடியில். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பல்லேகல வரைக்கும் பேசிக்கொண்டு போனோம்.

சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. எங்கள் ஊரில் பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. தட்டைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கியிருக்கும் போல, செல்வராசா கவனித்துவிட்டார். "ஒருக்கா சம்பலோட சாப்பிட்டுப் பாருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு. சம்பலில் காரம் சுள்ளென்று ஏறியது. பிறகு நான் ஒன்றும் கதைக்கவில்லை, இன்னொரு துண்டுதான் கேட்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனோம். ரெசின் மேசையில் நின்றவர் பெயர் ரெஜினா. ஹேவாஹெட்ட பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, வேலைக்காகக் குண்டசாலையில் வந்து குடியேறியவர். நாற்பது வயது இருக்கலாம். துணியை அச்சில் படிய வைத்து உருளையால் ஒரு இழு இழுத்தாரென்றால் மூலையில்கூடச் சுருக்கம் இருக்காது. எனக்குச் சப்பாத்தி மாவே ஒழுங்காகத் தேய்க்க வராது, அதனால் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "வாங்க மிஸ், இந்தக் கதிரையில உக்காருங்க, கையுறை போடாம மட்டும் எதையும் தொட்டுறாதீங்க" என்றார். வந்தவளுக்கு முதல் வார்த்தையே எச்சரிக்கை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பரிசோதனைக்காகக் கிடங்கில் காத்திருந்த கால்களில் ஒன்றை எடுத்து வைத்தேன். விளக்கைப் போட்டு அணைத்து, திரையைப் பார்த்தேன். கால்விரல் பக்கம் வளைகிற இடத்தில் ஒரு புள்ளி வந்தது. சரி, முதல் காலிலேயே அகப்பட்டுவிட்டது என்று கையைத் தேய்த்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. அது வெள்ளை இல்லை, நீலம். குறை இருந்தால் சூடாகத் தெரிய வேண்டும். இது சுற்றியிருக்கிற இடத்தைவிடக் குளிர்ந்து கிடந்தது. அதுவும் திருத்தமான வட்டம்.

அடுத்த காலை வைத்தேன். அதே இடம், அதே நீல வட்டம். அதற்கடுத்ததிலும் அப்படியே. கேமராவைத் துடைத்தேன், விளக்கை மாற்றினேன், ஏதாவது நிழல் விழுகிறதோ என்று ஜன்னலை மூடினேன். வட்டம் அசையவில்லை. என் படத்தொகுப்பில் இருந்ததெல்லாம் காற்று: பெரிய காற்று, சின்னக் காற்று, ஆழத்தில் காற்று. குளிர்ந்த குறை என்று ஒன்றை நான் கனவிலும் நினைத்ததில்லை.

"உங்கட கொம்ப்யூட்டர் என்ன சொல்லுது மேடம்?" என்று செல்வராசா கேட்டார்.

"முழிக்குதுங்க" என்றேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கடல் கடந்து வந்து முழிப்பதற்கு நான் கோயம்புத்தூரிலேயே முழித்திருக்கலாமே!

அன்று சாயங்காலம் கண்டி டவுனில் ஒரு கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். நம் ஊர்க் கொத்துப் பரோட்டாவுக்கு அண்ணன். இரண்டு தகடுகளை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஊரே கேட்கிற மாதிரி கொத்திக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிங்களத்தில் சண்டை போடுகிறார்களோ என்று பயந்தேன். சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் கத்துகிறார்கள் என்று கடைக்காரர் தமிழில் சொன்னார். "ஒருத்தர் மழை நிக்கும்ங்கிறார் மேடம், மத்தவர் நிக்காதுங்கிறார். அவ்வளவுதான்." மழை நிற்கவில்லை. நான் குடையில்லாமல் நனைந்துகொண்டே அறைக்கு வந்தேன்.

நனைந்ததில் ஒரு நன்மை, புத்தி தெளிந்தது. மூன்றாம் நாள் காலை பட்டறைக்குப் போனதும் கணினியில் இருந்த காலுக்குள் காற்றை எடுத்துவிட்டு வேறு வேறு பொருள்களை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வைத்தேன், ஒத்துவரவில்லை. ரெசின் கட்டி, ரப்பர், மரத்துண்டு எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் அலுமினியத்தை வட்டமாக, சட்டைப் பித்தான் அளவில், மெல்லிய தகடாக வைத்தேன். உலோகம் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மேலே குளிர்ந்து தெரியும். படம் வந்தது. நிஜக் காலின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வாய் வேறு நீளம். பட்டறை நடுவில் நின்று, "உள்ள அலுமினியத்துல யாரோ என்னமோ வச்சிருக்காங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

ரெஜினா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான்தான் மிஸ் வச்சேன்" என்றார். "மாதா மெடல்."

கழுத்தில் மாட்டிக்கொள்வார்களே, மாதாவின் உருவம் பதித்த சின்ன அலுமினிய மெடல், அதுதான். தேயிலை மலையில் அந்தப் பெண் விழுந்த செய்தி வந்த நாளிலிருந்து, கடைசி அடுக்குகளைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு காலிலும் ஒன்று வைத்து மூடிவிட்டிருக்கிறார். மிதிக்கும்போது கால் எங்கே அதிகமாக வளைகிறதோ, எங்கே முறியும் என்று அவருக்குப் பயமோ, சரியாக அந்த இடத்தில் வைத்திருக்கிறார். காப்பாற்றட்டும் என்றுதான். ஆனால் மெடலில் ரெசின் சரியாக ஒட்டாது. அடுக்கு அடுக்கோடு சேராமல் நடுவில் அது நிற்கும். ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும்.

செல்வராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன வேலை செய்தனீர் ரெஜினா? ஒரு மனுசி விழுந்து கை முறிஞ்சது காணாதோ? இனி இந்த மேசைக்குக் கிட்ட வரப்படாது. பெட்டியில பாக் பண்ணுற இடத்தில நில்லும்."

ரெஜினா தலை குனியவில்லை. "அவங்க விழுந்தப்ப நீங்க கேமரா தேடிப் போனீங்க சேர். நான் மாதாகிட்ட போனேன். ரெண்டு பேரும் ஒரே பயத்துலதான் போனோம்" என்றார்.

ஜெயித்துவிட்டதாகக் கத்தினேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. என் கணினியில் நான் சேர்த்துவைத்த குறைகளெல்லாம் கவனக்குறைவால் வருகிறவை. கவனம் கூடிப்போனால் வருகிற குறைக்கு அதில் இடமே இல்லை.

நல்லவேளை, மெடல் வைத்த கால்களெல்லாம் கிடங்கில்தான் இருந்தன. ஒன்றே ஒன்றைத் தவிர. அது ஹேவாஹெட்டவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை கோமதியிடம் இருந்தது. பழைய ரப்பர் காலோடு மேட்டுப் பாதையில் ஏற முடியவில்லை, பரிசோதனை வரைக்கும் காத்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வாங்கிப் போயிருந்தார். செல்வராசா உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் கோமதியின் குரல் கணீரென்று வந்தது.

"என்ன சேர் விளையாடுறீங்களா? இந்தக் கால் போட்ட பொறகுதான் நான் படியில கம்பியப் புடிக்காம ஏறுறேன். நல்ல காலத் திருப்பித் தர மாட்டேன். ஒடையும்னா வந்து எனக்குக் காட்டுங்க. என் கண்ணுக்குத் தெரிஞ்சா தாரேன்."

காட்டுவதற்குத்தான் நான்காம் நாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். கார் இன்னும் கராஜிலிருந்து வரவில்லை. செல்வராசாவும் ரெஜினாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் நான். ரெஜினா ஒரு பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொடுத்தார். "சேருக்கும் குடுங்க மிஸ்" என்றார், அவர் காதில் விழும்படி. "எனக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ மேடம்" என்றார் செல்வராசா, இவர் காதில் விழும்படி. தலாத்துஓயா தாண்டியதும் அவருக்குப் பசி வந்துவிட்டது. ரொட்டியை மட்டும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

மலை ஏற ஏற பஸ் முனகியது. ஒரு வளைவில் அப்படியே நின்றுவிட்டது. நடத்துநர் சிங்களத்தில் என்னமோ கத்தினார். "எஞ்சின் சூடாகிப் போச்சாம் மிஸ். தண்ணி ஊத்தி ஆற வைக்கணுமாம்" என்று ரெஜினா சொன்னார். சூடு என்று காதில் விழுந்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா? கேமராவை எடுத்து எஞ்சினைக் காட்டினேன். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் முகத்தையும் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். அவ்வளவுதான், பஸ்ஸே இறங்கி வரிசையில் நின்றுவிட்டது. மலைக்குளிரில் எல்லோருக்கும் மூக்கு மட்டும் நீலமாகத் தெரிந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், "புள்ளைக்குக் காய்ச்சல் இருக்கானு பாருங்க மேடம்" என்றாள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் பஸ் நின்றிருந்தால் இந்நேரம் நடத்துநரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே வளைவுக் கடையில் ஆளுக்கொரு பால் இல்லாத பிளேன்டீ குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்ப ஏறினார்கள். எனக்கும் மனசு லேசாயிற்று.

பள்ளிக்கூடம் ஒரு மேட்டில் இருந்தது. பாதை முழுக்கச் சரளைக்கல்லும் வழுக்கலும். நல்ல கால் இரண்டு இருக்கிற நானே ரெஜினாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். மேலே படியில் கோமதி நின்றார். முப்பது வயது, நெற்றியில் விபூதிக் கீற்று, சேலையை ஏற்றிச் செருகியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கம்பியைத் தொடாமல் விறுவிறுவென்று இறங்கி வந்தார். "பாத்தீங்களா? இதுவா ஒடையப்போகுது?" என்றார். ஒவ்வொரு படியிலும் அந்த வளைவு வளைவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் அறையில் மின்சாரம் இல்லை, காலையிலேயே போய்விட்டதாம். விளக்குப் பெட்டியை மடியில் சுமந்து வந்த செல்வராசா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மேகத்துக்கு நடுவே வெயில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மடிக்கணினியைத் திறந்தேன். கணினிக்குள் இருந்த விளக்கைக் கழற்றிவிட்டு வெயிலைப் போட்டேன். விளக்கைவிட மலை வெயில் பலம் குறைந்தது, ஆனால் நின்று காயும். எவ்வளவு நேரம் காய வைக்க வேண்டும், நிழலுக்குக் கொண்டுவந்த பிறகு எப்போது பார்க்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டுச் சொன்னது.

கோமதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கழற்றிக் கொடுத்தார். வாசல் கல்லில் வைத்தேன். மேகம் வந்து மறைத்ததும், "போ, போ" என்று கோமதியே அதை விரட்டினார், தனக்கு எதிராகத்தான் சாட்சி தேடுகிறோம் என்பதை மறந்து. நன்றாகக் காய்ந்ததும் காலைக் கூரைக்கு அடியில் எடுத்து வந்தேன். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றோம்.

முதலில் நீல வட்டம் வந்தது. அது தெரிந்ததுதான். கணினி சொன்ன நேரம் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு மெல்ல, வட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் எழுந்தது. ஒரு பக்கம் அது வழிந்து காலின் ஓரம் வரைக்கும் போயிருந்தது.

"நீலம் மெடல். வெள்ளை காத்துங்க" என்றேன். "அடுக்கு பிரிஞ்சு உள்ள காத்து போயிருச்சு. ஓரம் வரைக்கும் வந்துருச்சு. இனி எந்தப் படியில விட்டுப்போகும்னு சொல்ல முடியாதுங்க டீச்சர்."

கோமதி திரையை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. "இது போட்டு எவ்வளவு சொகமா நடந்தேன் தெரியுமா" என்றார். பிறகு, "உள்ளுக்கு இருக்குறது என்ன மெடல்?" என்று கேட்டார். அதுவரைக்கும் அவருக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

"மாதா மெடல் டீச்சர்" என்றார் ரெஜினா. "நீங்க விழாம இருக்கணும்னு நான்தான் வச்சேன்."

கோமதி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அப்போ இத்தன நாளும் நான் மாதாவயா மிதிச்சிக்கிட்டு நடந்தேன்?"

ரெஜினாவின் முகம் செத்துப்போயிற்று. அது அவருக்குத் தோன்றவே இல்லை. செல்வராசா அத்தனை திட்டியும் கலங்காதவர், அந்த ஒரு கேள்விக்கு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கேமராவின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது.

கோமதி கையை நீட்டினார். காலைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, அந்த வளைவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. பிறகு அதைச் செல்வராசாவிடம் கொடுக்காமல் ரெஜினாவின் கையில் வைத்தார்.

"புதுசையும் நீங்களே செய்யணும் அக்கா. வேற யாரு செஞ்சாலும் நான் போட மாட்டேன். அது வரைக்கும் பழைய ரப்பர் கால் இருக்கு, தடவித் தடவி நடந்துக்கிறேன்."

ரெஜினா செல்வராசாவைப் பார்த்தார். செல்வராசா தொண்டையைச் செருமினார்.

"ஓம், அவவே செய்யட்டும். ஆனா உள்ளுக்க ஒண்டும்…"

"ஒண்ணும் வைக்க மாட்டேன் சேர்" என்றார் ரெஜினா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்றைக்கு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

"இத வெட்டித்தானே மெடல எடுப்பீங்க?" என்று கோமதி கேட்டார்.

"ஓம், வெட்டத்தான் வேணும்."

"பாத்து வெட்டுங்க சேர். மிசின் மாதா மேல பட்டுறப் போகுது."

செல்வராசா ரெஜினாவின் கையிலிருந்த காலைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, அதில் அந்தக் காலை வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

"நீ பயப்பிடாத பிள்ளை" என்றார். "நானே வெட்டுறன்."